மூன்றாம் நடையில் வெட்டாத கயிறு

தம்பிமாருக்கும் தங்கச்சிமாருக்கும்,

போன மாதம் நம் கால்நடை அலுவலகக் கூட்டத்துக்கு என்னையும் அழைத்திருந்தீர்கள். ஓய்வு பெற்று நான்கு ஆண்டுகள் ஆனவனுக்கு முன்வரிசையில் கதிரை போட்டு, தேநீரும் ரோல்சும் தந்தீர்கள். கூட்டம் முடியும் நேரத்தில் உங்களில் ஒருவர் எழுந்து ஒரு முறைப்பாடு சொன்னார். வாவிக்கு மேற்கே படுவான்கரையில் மருதடித் திடலுக்கு வெள்ளக் காலத்தில் வைக்கோல் கொண்டுபோனால், தோணி கரைதட்டியதும் அங்கே ஒரு பெண் கையை நீட்டிக்கொண்டு நிற்கிறாராம். அவர் கேட்பது வைக்கோலை அல்ல, கட்டுகளிலிருந்து வெட்டிய கயிறுகளை. அவற்றை ஒவ்வொன்றாக எண்ணி முடிக்கும்வரை உத்தியோகத்தரைத் தோணியில் ஏற விடுவதில்லையாம்.

“எங்களக் கள்ளரப் போலப் பாக்கிறா” என்றார் அந்தத் தம்பி. எல்லோரும் சிரித்தீர்கள். நானும் சிரித்தேன்.

அந்தப் பெண் ஏன் எண்ணுகிறார் என்பது அந்த அறையில் எனக்கு மட்டும்தான் தெரியும். தெரிந்திருந்தும் சிரித்துவிட்டு, ரோல்சைத் தின்று முடித்து, வீட்டுக்கு வந்துவிட்டேன். இந்த விஷயத்தில் நான் வாய் திறக்காமல் இருந்தது அது முதல் தடவை அல்ல. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

என்னிடம் இருபத்தெட்டு நாட்குறிப்புகள் இருக்கின்றன. சேவையில் சேர்ந்த வாரத்திலிருந்து ஒரு நாளும் விடாமல் எழுதியவை. எத்தனை மாட்டுக்கு ஊசி போட்டேன், எந்த வயல்வட்டையில் எப்போது வெட்டு முடிந்தது, வெள்ளம் வடிய ஆற்றுவாய் எந்தக் கிழமை வெட்டப்பட்டது, எல்லாம் இருக்கும். ஊர் வரலாறுகளைத் தேடிப் படிக்கும் பழக்கம் எனக்கு இளமையிலிருந்தே உண்டு. பழைய வெள்ளங்களைப் பற்றி எழுதியவர்கள் செத்த மாடுகளின் தொகையைச் சொல்வார்களே தவிர, அந்த மாடுகளுக்கு யார் என்ன கொடுத்தார்கள் என்று எழுதுவதில்லை. அந்தக் குறையை நான் நிரப்புவேன் என்று ஒரு காலத்தில் எண்ணியிருந்தேன். கீழே சொல்லப்போவதையும் அந்த நாட்குறிப்புகளைப் பார்த்தே எழுதுகிறேன். ஆனால் அவற்றில் ஒரு பக்கம் பொய். எந்தப் பக்கம் என்று பிறகு சொல்கிறேன்.

அது ஒரு மார்கழி வெள்ளம். மேட்டுநிலத்தில் மேய்ந்துகொண்டிருந்த மாட்டுப் பட்டிகளில் பெரும்பாலானவை தண்ணீர் ஏறுமுன்னே காட்டுப் பக்கம் ஒதுங்கிவிட்டன. மருதடித் திடலில் நின்ற பட்டி மட்டும் அகப்பட்டுக்கொண்டது. சுற்றிவரத் தண்ணீர். அறுபத்து மூன்று மாடுகள். அவற்றை வைத்திருந்தவர் யோகம் என்ற பெண். அப்போது நாற்பது வயதைத் தாண்டியிருப்பார். அறுபத்து மூன்றில் இருபத்தொன்றுதான் அவருடையவை. மற்றவை மூன்று உரிமையாளர்கள் குறிசுட்டு அவரிடம் மேய்க்க விட்டவை. உங்களுக்கு இந்த வழக்கம் தெரியும். உரிமையாளர் மாட்டை விடுவார், பட்டிக்காரர் பாலை எடுத்துக்கொள்வார், கன்றுகளில் ஒரு பங்கும் கிடைக்கும். ஒருவர் தன் மாட்டை நம்பி விடுகிறார் என்பதுதான் பட்டிக்காரருக்கு இருக்கும் ஒரே முதல்.

வெள்ளம் வந்த நாலாம் நாள், வியாழக்கிழமை, எங்களுக்குத் தோணி கிடைத்தது. தன்னாமுனைக் கடற்றொழிலாளி ஒருவர், அந்தோனி அண்ணன் என்போம், தன் இயந்திரத் தோணியை உழவு இயந்திரப் பெட்டியில் ஏற்றிக்கொண்டு வந்திருந்தார். உன்னிச்சைப் பக்கத்தில் சிறுபோகம் வெட்டியபின் இயந்திரத்தால் கட்டிய வைக்கோல் எங்கள் களஞ்சியத்தில் இருந்தது. ஒரு கட்டுக்கு இரண்டு சுற்று நீல நைலோன் கயிறு. ஒரு நடைக்கு இருபது கட்டு வரை ஏற்றலாம்.

முதல் நடை பதினெட்டு. இரண்டாம் நடையும் பதினெட்டு. இரண்டிலும் நான் ஒழுங்காகவே நடந்தேன். திடலில் இறங்கி, ஒவ்வொரு கட்டின் கயிற்றையும் வெட்டி இழுத்து, உரப்பையில் போட்டுக்கொண்டேன். யோகம் வைக்கோலைப் பிரித்துச் சிறு குவியல்களாகத் திடல் முழுவதும் பரப்பினார். நான் ஒரே இடத்தில் கொட்டப் போனபோது மறித்தார்.

“ஒரு இடத்தில குவிக்க ஒண்ணா சேர். கொம்புக்காரன்மார் திண்டு முடிச்சிடுவானுகள். கண்டுத்தாய்ச்சிக்கு மோந்து பாக்கத்தான் மிஞ்சும்.”

“மாடு அறுபத்து மூண்டு. எத்தின குவியல் வைக்கிற?”

“எழுபது. அடிபட்டு விலகுற மாடு போய் நிக்க இடம் வேணுமே.”

இதை எந்த வகுப்பிலும் எனக்குச் சொல்லித் தரவில்லை. அன்றே நாட்குறிப்பில் எழுதிக்கொண்டேன்.

மூன்றாம் நடைக்குப் புறப்படும்போது பிற்பகல் நான்கு மணி. இருபத்திரண்டு கட்டு ஏற்றினேன். அந்தோனி அண்ணன் வேண்டாம் என்றார், நான்தான் வற்புறுத்தினேன். மாலைக்குள் ஐம்பதுக்கு மேல் கட்டுகள் கொடுத்துவிடுவோம் என்று மேலிடத்துக்குத் தொலைபேசியில் சொல்லியிருந்தேன். பாதி வழியில் வாடைக்காற்று ஏறியது. தோணிக்குள் தண்ணீர் அடித்தது. திடலை அண்டியபோது அந்தோனி அண்ணன் இயந்திரத்தை நிறுத்தவே இல்லை.

“சேர், இறங்காதீங்க. இஞ்ச இருந்தே எறிஞ்சிட்டுக் கிறுகுவம்.”

“கயிறு வெட்டணும் அண்ணன். பத்து நிமிசம்.”

“மாடு நீந்தும். நீங்க நீந்துவீங்களா?”

எனக்கு நீந்தத் தெரியாது. அது அவருக்கும் தெரியும்.

நான் கட்டுகளை அப்படியே எறியத் தொடங்கினேன். யோகம் முழங்கால் தண்ணீரில் வந்து நின்று கத்தினார்: “சேர், கயிறு!”

“நீங்க வெட்டுங்க. மாடு கயிறு தின்னாது.”

அவருக்குக் கேட்கவில்லையோ என்று இன்னொரு தடவையும் சொன்னேன். மாடு கயிறு தின்னாது. எங்கே படித்தேன் என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை. எங்கும் படித்திருக்க மாட்டேன். அந்த நேரத்தில் எனக்குத் தேவைப்பட்டதால் என் வாயில் வந்த வசனம் அது. நாலு நாள் பட்டினி கிடந்த மாடு எதையும் பிரித்துப் பார்த்துத் தின்பதில்லை. நனைந்த வைக்கோலோடு கயிறும் சேர்ந்தே உள்ளே போகும். அதைத் தெரிந்துகொள்ளப் பட்டப்படிப்பு தேவையில்லை.

கிறுகும்போது திரும்பிப் பார்த்தேன். இருபத்திரண்டு கட்டின் மீதும் மாடுகள் விழுந்திருந்தன. நடுவே யோகம் கத்தியோடு குனிந்துகொண்டிருந்தார். அன்றைய நாட்குறிப்பில் ஐம்பத்தெட்டுக் கட்டு என்று எழுதி அடிக்கோடிட்டிருக்கிறேன்.

வெள்ளம் வடிந்தது. திடலில் ஒரு மாடும் சாகவில்லை. மாவட்டக் கூட்டத்தில் என் பெயரைச் சொல்லிக் கைதட்டினார்கள். தைப்பொங்கலுக்கு அடுத்த கிழமை அந்தப் பக்கம் போனபோது யோகத்தின் வலது காலில் துணி சுற்றியிருந்தது. நடையில் ஒரு இழுப்பு இருந்தது. என்ன நடந்தது என்று நான் கேட்கவில்லை.

மூன்றாம் நடை நடந்து எழுபத்தோராம் நாள் அவரிடமிருந்து அழைப்பு வந்தது.

“சேர், அதிபர்ர செவலைக்கு வயிறு உப்புது. இறங்குது, மறுகா உப்புது. புல்லு முன்னால கிடக்கு. மோந்து பாத்திட்டு நிக்குது.”

அதிபர் என்பவர் தேற்றாத்தீவைச் சேர்ந்த ஓய்வுபெற்ற பாடசாலை அதிபர். யோகத்திடம் பத்தொன்பது மாடுகள் விட்டிருந்தார். எங்கள் மிருக வைத்தியர் பயிற்சிக்காக வெளியூர் போயிருந்தார். நான் போய் எண்ணெய் பருக்கச் சொன்னேன், நடத்தச் சொன்னேன், தெரிந்ததையெல்லாம் செய்தேன். ஐந்தாம் நாள் பசு செத்துவிட்டது.

அதிபர் வந்திருந்தார். ஊரவர் ஏழெட்டுப் பேரும் நின்றார்கள். வைத்தியர் இல்லாதபடியால் நானே வயிற்றைக் கீறினேன். பெரிய இரைப்பைக்குள் கையை விட்டதும் தேங்காய் அளவில் ஒரு கட்டி தட்டுப்பட்டது. வெளியே எடுத்தேன். வைக்கோலும் சாணியும் இறுகி, அவற்றைச் சுற்றி நீலக் கயிறு. ஓர் ஓரத்தில் கடைகளில் தரும் சொப்பின் பையொன்றின் துண்டும் ஒட்டியிருந்தது.

நான் அதை உடனே அடையாளம் கண்டுகொண்டேன். அரைக் கணமும் எனக்குச் சந்தேகம் இருக்கவில்லை. இதை அழுத்திச் சொல்கிறேன். “அப்போது எனக்குப் புரியவில்லை” என்று என்னைப் பற்றிப் பின்னாளில் யாராவது இரங்கிச் சொன்னால் நம்பாதீர்கள்.

அதிபர் மூக்கில் கைலேஞ்சியை வைத்தபடி தள்ளி நின்றார். “என்ன இரிக்கு தம்பி?”

“பிளாஸ்டிக், சேர்” என்றேன்.

சொன்னது பொய் என்று யாரும் நிறுவ முடியாது. நைலோன் கயிறும் ஒருவகைப் பிளாஸ்டிக்தான். பை வேறு ஒட்டியிருந்தது. அந்தச் சொல்லை நான் தேர்ந்தெடுக்கவில்லை, வாயில் வந்தது என்று சில காலம் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். வைக்கோல் கட்டை எறிந்த அன்றும் வாயில் வந்ததுதான்.

திடலிலிருந்து வெட்டு முடிந்த வட்டைக்குப் பட்டி இறங்கும் வழியில் பிரதான வீதியோரம் குப்பை கொட்டும் இடம் ஒன்று இருந்தது. எல்லோருக்கும் அது நினைவுக்கு வந்துவிட்டது. அதிபர் யோகத்தைப் பார்த்தார்.

“குப்பைக்குள்ள மேய்ச்சநீயா?”

“இல்ல சேர். அந்தப் பக்கம் நான் மறிச்சுத்தான் கொண்டு வாற.”

“வயித்துக்குள்ள இரிக்கே. அது நடந்து வந்து பூந்ததா?”

யாரோ சிரித்தார்கள். யோகம் என் கையிலிருந்த கட்டியைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். நான் குனிந்து கத்தியைத் துடைத்தேன்.

மாட்டைப் பெரிய குழியில் புதைத்தார்கள். கட்டியை நான் தனியாகக் கொண்டுபோய், மருதமரத்துக்குப் பின்னால் முழ ஆழத்தில் சின்னக் குழி ஒன்று தோண்டிப் போட்டு மூடினேன். ஏன் தனியாக என்று யாரும் கேட்கவில்லை. நாட்குறிப்பின் அந்தப் பக்கத்தில் இப்படி இருக்கிறது: “அதிபரின் செவலைப் பசு இறப்பு. காரணம் பிளாஸ்டிக்.” நான் சொன்ன பொய்ப் பக்கம் இதுதான். எதையும் எண்ணி எழுதுபவன் அன்று எதையும் எண்ணவில்லை.

ஊரில் பேச்சுப் பரவ இரண்டு நாள் போதுமாயிருந்தது. “குப்பைப் பட்டி” என்று பெயர் வைத்தார்கள். பால் எடுக்க வருபவர் யோகத்தைக் கண்டதும் “இண்டைக்குப் பாலுக்குள்ள பை ஏதும் கிடக்கா?” என்று பகிடி விட்டதாக அறிந்தேன். பன்னிரண்டாம் நாள் அதிபர் தன் மாடுகளைப் பிரித்தெடுக்க வந்தார். மற்ற இரு உரிமையாளர்களும் தொற்றிக்கொண்டார்கள். மாடுகளை வேறிடம் கொண்டுசெல்ல அனுமதிப்பத்திரம் வேண்டும், அதற்கு என் கையொப்பம் வேண்டும். ஆகவே என்னையும் அழைத்தார்கள்.

பட்டி பிரிப்பதை நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள் என்று நினைக்கிறேன். காலை என்னும் வேலியடைப்புக்குள் எல்லா மாட்டையும் அடைத்து, அதன் வாசலான கடப்பை ஒரு மாடு போகும் அளவுக்குத் திறந்து, குறியைப் பார்த்துப் பார்த்து வெளியே விடுவார்கள். வெளியே போகும் ஒவ்வொன்றையும் பட்டிக்காரர்தான் பேர் சொல்லி அழைத்து விடவேண்டும். வேறு ஆள் கூப்பிட்டால் அவை வராது. அன்று நாற்பத்தொரு தடவை யோகம் பேர் சொல்லிக் கூப்பிட்டார். சில மாடுகள் வெளியே போய்விட்டு மீண்டும் கடப்படிக்கு வந்து நின்றன. அவற்றை அவரே கழுத்தைத் தடவித் திருப்பி அனுப்பினார்.

நான் ஒரு மேசையில் இருந்து படிவங்களை நிரப்பினேன். “இடமாற்றத்துக்கான காரணம்” என்ற கோட்டில் என்ன எழுதுவது என்று அதிபரைக் கேட்டேன்.

“மேய்ச்சல் சரியில்ல எண்டு போடும். அவவுக்கும் ஒரு மரியாத வேணுமே” என்றார்.

அவர் நல்ல மனிதர். நான் அப்படியே எழுதிக் கையொப்பமிட்டேன். அந்த மேசையில் இருந்து எழுந்து நான்கு சொற்கள் சொல்லியிருந்தால் போதும். நாற்பத்தொரு மாடு வெளியேற எடுத்த இரண்டு மணித்தியாலம் முழுவதும் அவகாசம் இருந்தது. அவசரத்தில் தவறு செய்தேன் என்று தோணியைப் பற்றிச் சொல்லலாம். இந்த மேசையைப் பற்றி அப்படிச் சொல்ல முடியாது.

ஒன்பது நாள் கழித்து இன்னொரு பசு விழுந்தது. இம்முறை யோகத்தின் சொந்தப் பசு. வைத்தியர் பயிற்சி முடிந்து திரும்பியிருந்தார். என்னைவிடப் பத்து வயது இளையவர், என் மேலதிகாரி. அதிகம் பேசாத பெண். நாங்கள் போய்ச் சேர்ந்தபோது பசு செத்துக் கிடந்தது. அவரே கீறினார், அவரே கட்டியை எடுத்தார். நான் செய்யாத ஒன்றை அவர் செய்தார். ஒரு வாளி தண்ணீர் கேட்டு வாங்கி, கட்டியை அதற்குள் ஊறவிட்டு, விரலால் கொஞ்சம் கொஞ்சமாகப் பிரித்தார். முக்கால் மணித்தியாலம் எடுத்தது. பிரித்த கயிறுகளைப் புல்லில் பக்கம் பக்கமாக வைத்தார். ஐந்து கயிறுகள். நாலு வெட்டுப்படாத முழு வளையங்கள், ஒன்று அறுந்தது. ஒவ்வொன்றிலும் ஒரே மாதிரியான சின்ன முடிச்சு.

“இது மிசின் போடுற முடிச்சு” என்றார். யோகத்துக்குச் சொல்வதுபோலத்தான் சொன்னார். “குப்பையில கிடக்கிற கயிறு வெட்டின கயிறாத்தான் இரிக்கும். இப்பிடி வளையமா இரிக்காது.”

யோகம் ஐந்தையும் பொறுக்கிக் கழுவி வேலியில் போட்டார்.

வாகனத்தடியில் வைத்தியர் கைகளைச் சவர்க்காரம் போட்டு நெடுநேரம் கழுவினார். நான் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தேன்.

“அண்ணன், நம்மட கட்டுத்தானே?”

“ஓம், டொக்டர்.”

“முதல் மாட்டிலயும்?”

“ஓம்.”

“அண்டைக்கே தெரியுமா?”

“ஓம்.”

தண்ணீர் முடிந்துவிட்டது. அவர் கைகளை உதறினார். “எனக்குச் சொன்னதால ஒண்டும் ஆகா” என்றார். அவ்வளவுதான்.  அவர் எழுத்தில் விளக்கம் கேட்டிருந்தால் எனக்கு எளிதாக இருந்திருக்கும். விளக்கம் எழுதுவதில் நான் கெட்டிக்காரன்.

அடுத்த நாள் திங்கட்கிழமை. காலையில் தனியாகப் போனேன். யோகம் கன்றுகளைக் கட்டிக்கொண்டிருந்தார். கன்றுகளின் கழுத்தில் கிடந்த கயிறுகள் எல்லாம் நீலம். மூன்று மூன்றாகச் சேர்த்துப் பின்னியிருந்தார்.

“யோகம், அது நாங்க எறிஞ்ச கட்டுக் கயிறு” என்றேன். இரவு முழுக்க யோசித்து வைத்திருந்த முன்னுரை எதுவும் வரவில்லை.

“தெரியும் சேர்.”

“எப்ப இருந்து?”

“நீங்க செவலையக் கீறின அண்டையில இருந்து.”

“அப்ப ஏன் சொல்லல்ல? அவ்வளவு பேருக்கு முன்னால உங்களப் பேசினாங்களே.”

அவர் கன்றைக் கட்டி முடித்து நிமிர்ந்தார். “நான் சொன்னா அடுத்த மாரிக்கு வைக்கல் வருமா?”

அதில் கோபம் இல்லை. மழை வருமா என்று கேட்பதுபோலக் கேட்டார். பழி சொன்னவர் மீது கோபித்துக்கொண்டு வைக்கோலை நிறுத்திவிடக்கூடிய ஆள் என்று என்னை எடைபோட்டு வைத்திருந்தார். இருபது ஆண்டுகளாக அந்தப் பக்கம் போய்வருபவன் நான். அவர் தவறாக எடைபோட்டார் என்று சொல்ல எனக்கு என்ன ஆதாரம் இருந்தது?

“அது கிடக்கட்டும்” என்றார். “எனக்கு ஒரு விசயம் தெரியணும். கடைசி நடையில இருபத்திரண்டு கட்டு. எறியக்குள்ள எண்ணின. நாப்பத்திநாலு கயிறு. பத்துக் கட்டு வெட்டினன், மறுகா மாடு என்ன மிதிச்சிட்டு. தண்ணி வத்தினாப் புறகு சேத்துக்குள்ள தடவித் தடவி எடுத்தன். வெட்டினதும் வெட்டாததுமா எல்லாம் முப்பத்தொண்டு. நேத்து மாட்டுக்குள்ள அஞ்சு. முப்பத்தாறு.”

அவர் என்னைப் பார்த்தார்.

“செவலைக்குள்ள எத்தின கயிறு, சேர்?”

நான் மருதமரத்தைப் பார்த்தேன்.

“எட்டு எண்டா எல்லாம் வந்திட்டு. நான் நிம்மதியாப் படுப்பன். ரெண்டு, மூண்டு எண்டா மிச்சம் இஞ்ச நிக்கிற மாட்டுக்குள்ள இரிக்கி. இல்லாட்டி அதிபர் கொண்டுபோன மாட்டுக்குள்ள இரிக்கி. நீங்க எண்ணினீங்களா?”

“எண்ணல்ல.”

“நீங்கதான் எல்லாத்தையும் எண்ணுற ஆளாச்சே” என்றார். குத்திப் பேசவில்லை. உண்மையாகவே வியந்தார்.

நான் மண்வெட்டி கேட்டேன்.

மருதமரத்துக்குப் பின்னால் இடம் கண்டுபிடிப்பது கடினமாக இருக்கவில்லை. நைலோன் உக்காது. மூன்று கிழமை மண்ணுக்குள் கிடந்தும் கட்டி அப்படியே இருந்தது. நாற்றத்தைப் பற்றி எழுதத் தேவையில்லை. அதை வாளியில் போட்டு, வைத்தியர் செய்ததைப் போலவே ஊறவிட்டுப் பிரித்தேன். யோகம் எதிரே குந்தியிருந்து பார்த்தார். உதவிக்குக் கை நீட்டவில்லை, நானும் எதிர்பார்க்கவில்லை. கயிறுகளை ஒவ்வொன்றாகப் புல்லில் வைத்தேன். ஐந்து. ஆறு. ஏழு. வாளிக்குள் அளைந்து பார்த்தேன். வாளியைக் கவிழ்த்துப் பார்த்தேன். குழிக்குத் திரும்பிப் போய் மண்ணை விரலால் பொடியாக்கிப் பார்த்தேன்.

“ஏழு” என்றேன்.

“நாப்பத்திமூண்டு” என்றார் யோகம். “ஒண்டு குறையுது.”

அந்த ஒன்று சேற்றுக்குள் புதைந்திருக்கலாம். ஆற்றோடு போயிருக்கலாம். ஒரு மாட்டின் வயிற்றில் இருக்கலாம். யாருடைய மாடு என்று தெரியாததால் மூன்று உரிமையாளர்களிடமும் போய்ச் சொல்லியே ஆகவேண்டியிருந்தது. அன்று எட்டுக் கயிறும் இருந்திருந்தால் நான் யோகத்திடம் சொன்னதோடு நிறுத்தியிருப்பேன் என்றுதான் நினைக்கிறேன். அவர்களிடம் என்னைக் கொண்டுபோனது மனச்சாட்சி அல்ல, எண்ணிக்கை.

தேற்றாத்தீவில் அதிபர் என்னை இருத்தித் தேநீர் தந்தார். நான் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் கண்ணாடியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார்.

“நீர் சொன்னத நம்பித்தானே நான் அந்தப் பிள்ளைய அத்தின பேருக்கு முன்னால கேட்டனான்?”

“ஓம் சேர்.”

“அப்ப என்ர வாயையும் நீர்தான் பழுதாக்கியிரிக்கிறீர்.”

மறுகிழமை அவர் பஸ் ஏறிப் போய் யோகத்திடம் மன்னிப்புக் கேட்டதாக அறிந்தேன். மாடுகளை அவர் திருப்பி விடவில்லை. புதிய இடத்தில் அவை பழகிவிட்டன என்றார், அதுவும் உண்மைதான். மற்ற இருவரில் ஒருவர் அடுத்த மாரிக்கு முன் தன்னுடைய பதினொரு மாடுகளையும் திரும்பக் கொண்டுவந்து விட்டார். மற்றவர் இன்றுவரை குப்பைக் கதையைத்தான் நம்புகிறார். முதலில் கேட்டதைத்தான் ஊர் வைத்துக்கொள்ளும். திருத்தத்தை நான் வீடு வீடாகக் கொண்டுபோக வேண்டியிருந்தது. எல்லா வீட்டுக்கும் நான் போகவில்லை.

அலுவலகத்துக்கு ஒரு கடிதம் எழுதினேன். அது கோப்பில் இருக்கிறது, விரும்பினால் தேடிப் பாருங்கள். எனக்கு எந்தத் தண்டனையும் கிடைக்கவில்லை. கைதட்டியவர்கள் யாரும் கைதட்டலைத் திரும்பப் பெற்றுக்கொள்ளவில்லை.

அடுத்த மாரியிலும் திடலைத் தண்ணீர் சூழ்ந்தது, சென்ற முறையை விடக் குறைவாக. நான் வைக்கோல் கொண்டுபோனேன். அதே தோணி, அதே அந்தோனி அண்ணன். இருபது கட்டு. திடலில் இறங்கி எல்லாவற்றையும் வெட்டினேன். யோகம் முப்பத்தொரு மாடுகளுக்கு நாற்பது குவியல் வைத்துவிட்டு வந்து என் முன்னால் கையை நீட்டினார்.

“கயிறத் தாங்க.”

உரப்பையோடு கொடுத்தேன். அவர் பையைத் தரையில் கொட்டி, ஒவ்வொன்றாக எடுத்து இடது கையில் போட்டு எண்ணத் தொடங்கினார். தூறல் விழுந்துகொண்டிருந்தது.

“இவ எண்ணி முடிய வெள்ளமும் வத்திடும்” என்றார் அந்தோனி அண்ணன் தோணியிலிருந்து.

யோகம் நிமிரவே இல்லை. இருபதைத் தாண்டியிருப்பார்.  ஓர் ஆண்டாக அவரிடம் நேராகச் சொல்லாமல் வைத்திருந்த ஒன்று இருந்தது. கயிற்றைப் பற்றிச் சொன்னேன், கட்டைப் பற்றிச் சொன்னேன், மன்னிப்பு என்ற சொல்லை மட்டும் சொல்லவில்லை. இப்போது சொல்லிவிடலாம் என்று பட்டது.

“யோகம், நான் அண்டைக்குச் செய்தது…”

“பொறுங்க சேர்” என்றார். கையிலிருந்த கயிறுகளைப் பார்த்தார், தரையில் கிடந்தவற்றைப் பார்த்தார். “எண்ணிக்கை பிழைச்சிட்டு.”

எல்லாவற்றையும் மீண்டும் கீழே போட்டார். குனிந்து ஒன்றிலிருந்து தொடங்கினார். நான் வாயை மூடிக்கொண்டு நின்றேன். நாற்பதும் சரியாக இருந்தது. “சரி, போயிட்டு வாங்க” என்றார்.

உங்களுக்குச் சொல்ல எனக்கு இருப்பது இவ்வளவுதான். கயிற்றைத் திடலிலேயே வெட்டுங்கள், காற்று எந்தப் பக்கம் அடித்தாலும். வளையத்தை இழுத்தெடுத்து எண்ணி அவர் கையில் கொடுங்கள். அவர் உங்களைக் கள்ளரைப் போலப் பார்ப்பதாகத் தோன்றினால், அந்தப் பார்வை எனக்கு உரியது, நான் விட்டுச்சென்ற இடத்தில் நீங்கள் நிற்கிறீர்கள் என்று தெரிந்துகொள்ளுங்கள்.

அவர் எண்ணும்போது மட்டும் பேச்சுக் கொடுக்காதீர்கள். மீண்டும் ஒன்றிலிருந்து தொடங்குவார்.